சாஃப்ட்பாலில் ரன்னர் போடும் தந்திரங்கள்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் மகளை சாஃப்ட்பாலில் சேர்த்துவிட்டு, கிரிக்கெட் கண்ணோடு வேலி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரும் தமிழ்ப் பெற்றோர் பலர். ஊர் லீகில் உதவி கோச்சாக இருப்பதால், ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகள் என்னிடம் வந்து சேரும். முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: "அந்தப் பொண்ணு அப்படி ஓடினது சரியா?" அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பேசுவதெல்லாம் ஃபாஸ்ட்பிட்ச் (பந்தை வேகமாக எறியும் சாஃப்ட்பால் வகை) ஆட்டத்தைப் பற்றி. அடித்தவள் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்ற மூன்று பேஸையும் தொட்டு, கிளம்பிய இடமான ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். பேஸ்களில் ஓடுகிறவள் ரன்னர், பந்து எறிபவள் பிட்சர், பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிப்பவள் கேட்சர். பேஸுக்கும் பேஸுக்கும் 60 அடி. பிட்சர் பந்தை விடும் வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது.

நாலு பால் விழுந்து வாக் கிடைத்த பெண், ஃபர்ஸ்டில் நிற்காமல் செகண்டுக்கே ஓடிவிட்டாள். இப்படிச் செய்யலாமா?

செய்யலாம். பேட்டர் அடிக்கத் தேவையில்லாத தவறான பந்துதான் 'பால்'. நாலு பால் விழுந்தால் அவள் இலவசமாக ஃபர்ஸ்டுக்குப் போகலாம், அதுதான் வாக். வாக் கிடைத்தால் ஆட்டம் நின்றுவிடும் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஃபாஸ்ட்பிட்சில் அது நிற்பதில்லை. பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது, ஓடுகிறவள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம்.

இதைச் சும்மா ஆசைக்கு யாரும் செய்வதில்லை. பெரும்பாலும் தேர்டில் ஒரு ரன்னர் இருக்கும்போதுதான் செய்வார்கள். கவனித்துப் பாருங்கள். வாக் வாங்கியவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு சாவகாசமாகக் கிளம்புவாள். கேட்சர் பந்தை பிட்சரிடம் போட்டுவிட்டு முகமூடியைச் சரி செய்துகொள்வாள். பிட்சர் பந்தைக் கையில் உருட்டியபடி முதுகைக் காட்டி நடப்பாள். ஃபர்ஸ்டுக்கு இரண்டு மூன்று எட்டு இருக்கும்போது அந்தப் பெண் திடீரென்று வேகம் எடுப்பாள், பேஸின் உள்மூலையை மிதித்து அப்படியே செகண்டை நோக்கித் திரும்புவாள். உடனே டக்அவுட்டிலும் (அணியினர் உட்காரும் இடம்) வேலியிலும் இருக்கிற எல்லோரும் "டூ! டூ!" என்று கத்துவார்கள். பிட்சர் பதறித் திரும்பி செகண்டுக்கு எறிவாள். தேர்டில் இருப்பவள் காத்திருந்தது அந்த எறிதலுக்குத்தான். பந்து செகண்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் ஹோமைத் தொட்டிருப்பாள்.

செகண்டிலிருந்து ஹோமுக்கு நேர்க்கோட்டில் 84 அடி 10 அங்குலம். பத்து வயதுப் பெண் அந்தத் தூரத்தைத் துல்லியமாக எறிவது கடினம், அதையும் அவசரத்தில் எறிய வேண்டும். பிட்சர் எறியாமல் விட்டால் ஒரு பேஸ் இலவசம், எறிந்தால் ஒரு ரன். இந்தத் தந்திரம் இப்படி இரண்டு பக்கமும் அடிக்கும்.

லுக்-பேக் விதி என்று கோச் ஏதோ கத்தினாரே, அது என்ன?

ரன்னர்களின் தந்திரங்களுக்குக் கடிவாளமே இந்த விதிதான். பிட்சர் நிற்கும் இடத்தைச் சுற்றி 8 அடி ஆரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருப்பார்கள். பந்து பிட்சர் கையில், பிட்சர் வட்டத்துக்குள், பேட்டர் ஃபர்ஸ்டைத் தொட்டாகிவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் விதி அமலுக்கு வந்துவிடும். பேஸில் நிற்பவள் அங்கேயே நிற்க வேண்டும். நடுவழியில் இருப்பவள் ஒரே ஒரு முறை நிற்கலாம், அப்புறம் உடனே முன்னால் போக வேண்டும், இல்லை திரும்ப வேண்டும். இரண்டும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தால் அவுட். பந்தால் தொடவே வேண்டாம், அம்பயரே கொடுத்துவிடுவார்.

வாக் வாங்கியவள் ஃபர்ஸ்டில் நிற்காமல் ஓடியதன் சூட்சுமம் இப்போது புரியும். பேஸின் மேல் ஒரு நொடி நின்றிருந்தால் அப்புறம் கிளம்ப முடியாது. நிற்காமல் தொடர்ந்தால் தவறில்லை.

பிட்சர் ஒரு ரன்னரை நோக்கி எறிவதற்கு ஓங்கினாலே போதும், அந்தப் பிடி தளர்ந்துவிடும். எறிய வேண்டும் என்றுகூட இல்லை, பாவனை காட்டினாலே "பிளே" என்று கணக்கு. அனுபவமுள்ள ரன்னர்கள் இதற்காகவே பிட்சரைச் சீண்டுவார்கள்.

சரி, எங்கள் பெண்கள் இதை எப்படித் தடுப்பது?

எளிய வழி முதலில். பந்தை வட்டத்துக்குள் வைத்துக்கொண்டு, கையைக் கீழே தொங்கவிட்டு, தேர்டில் இருப்பவளை முறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் முடிவெடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பேஸுக்குத் திரும்பிவிடுவாள். மற்றவள் செகண்டுக்குப் போனால் போகட்டும். சின்ன வயதில் ஒரு பேஸைக் கொடுத்து ஒரு ரன்னைக் காப்பாற்றுவது நஷ்டமில்லை.

கொஞ்சம் தேறிய அணி என்றால் இன்னொன்று செய்யலாம். செகண்ட் பேஸ் பெண் ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவே, ஓடும் பாதைக்குச் சற்று உள்ளே வந்து நிற்க வேண்டும். பிட்சர் அவளுக்கு எறிந்தால் தூரம் குறைவு. அங்கிருந்து ஹோமுக்கு எறிவதும் எளிது. அவள் பந்தைப் பிடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது எதிரே ஓடி வருபவளை அல்ல, தேர்டை. இதைப் பயிற்சியில் பத்து நிமிடம் செய்தால் போதும், ஆட்டத்தில் யாரும் மிரள மாட்டார்கள். பல அணிகள் இந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குவதே இல்லை. தாக்குதல் தந்திரத்தை மட்டும் சொல்லிக்கொடுத்து, தடுப்பைச் சொல்லிக்கொடுக்காத கோச் மேல் எனக்கு மரியாதை குறைவு.

ஃபர்ஸ்டிலிருந்து கிளம்பிய பெண் நடுவில் தடுக்கி விழுந்தாள். எங்கள் ஃபீல்டர் அவளைத் துரத்தும்போது தேர்டில் இருந்தவள் ரன் எடுத்துவிட்டாள். வேண்டுமென்றே விழுந்தாளா?

பெரும்பாலும் ஆமாம். ஃபர்ஸ்டிலும் தேர்டிலும் ஆள் இருந்தால், ஃபர்ஸ்டில் இருப்பவள் வேண்டுமென்றே நடுவழியில் மாட்டிக்கொள்வது பழைய உத்தி. விழுவது அதன் நாடக வடிவம். இரண்டு பேர் அவுட் ஆன நிலையில் இது இன்னும் கூர்மையாகும். இங்கே ஃபோர்ஸ் அவுட் (ரன்னரைத் தொடாமல், பந்தோடு பேஸை மிதித்தே எடுக்கும் அவுட்) கிடையாது. அதனால் ஃபர்ஸ்ட்காரியைப் பந்தால் தொடுவதற்கு முன்பே தேர்டுக்காரி ஹோமைத் தொட்டுவிட்டால், மூன்றாவது அவுட் விழுந்தாலும் அந்த ரன் செல்லும். அதனால்தான் அவள் முன்னும் பின்னும் ஓடி நேரம் கடத்துகிறாள்.

இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மாட்டிக்கொள்பவள் தன்னையே பணயம் வைக்கிறாள், ஃபீல்டர் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேரில் ஒருத்தியாவது அவுட். ஆனால் அடிபட்டதுபோல் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துவது வேறு. நிஜமாகவே அடிபடும் நாளில் மற்ற பிள்ளைகள் அவளிடம் ஓடி வரத் தயங்கக் கூடாது இல்லையா? அதை எந்த வயதிலும் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது ஸ்டிரைக்கில் அவுட் ஆனவள் எதற்கு ஃபர்ஸ்டுக்கு ஓடினாள்?

பேட்டர் அடிக்கத் தவறிய பந்தும், சரியான இடத்தில் வந்தும் அடிக்காமல் விட்ட பந்தும் ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக் என்றால் அவுட். ஆனால் மூன்றாவதைக் கேட்சர் பிடிக்காமல் விட்டால் பேட்டர் ஓடலாம். ஃபர்ஸ்டில் ஏற்கெனவே ஆள் இருந்து, இரண்டு அவுட் ஆகாத நிலை என்றால் அந்த உரிமை கிடையாது, அவள் அவுட். இருந்தும் ஓடுவாள். கேட்சர் குழம்பி ஃபர்ஸ்டுக்கு எறிந்தால் மற்ற ரன்னர்கள் நகர்வார்கள். அவுட் ஆனவர்கள் ஓடி எறிதலை வரவழைத்தால் பொதுவாக அது 'இடையூறு' என்ற குற்றம். ஆனால் யூஎஸ்ஏ சாஃப்ட்பால் (அமெரிக்காவின் தேசிய சாஃப்ட்பால் அமைப்பு) விதிப்படி இந்தச் சூழலுக்கு மட்டும் விலக்கு உண்டு. எத்தனை அவுட், ஃபர்ஸ்டில் ஆள் இருக்கிறாளா என்று தெரிந்துவைத்திருப்பது கேட்சரின் வேலை. ஒவ்வொரு பேட்டருக்கும் முன்னால் விரலைக் காட்டி உரக்கச் சொல்லும் பழக்கம் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

ரன்னர் ரைட் ஃபீல்டு புல்வெளிக்கே போய் நின்றுகொண்டு எல்லோரையும் குழப்பும் வீடியோ ஒன்று பார்த்தேன். இங்கேயும் வருமா?

அது பேஸ்பால் தந்திரம். ரன்னருக்கென்று ஒரு பாதை, அதிலிருந்து மூன்றடிக்கு மேல் விலகக் கூடாது என்ற விதியெல்லாம் யாராவது பந்தோடு தொட வரும்போதுதான் அமலுக்கு வரும். அந்த ஓட்டையில் பிறந்தது இது. சாஃப்ட்பாலில் பிட்சர் பந்தை வாங்கி வட்டத்துக்குள் நின்றால் கதை முடிந்தது. புல்வெளியில் நிற்பவள் அவுட்.

அப்படியென்றால் எதுதான் விதிக்குப் புறம்பு?

கால் செய்யும் ஏமாற்று அநேகமாக எல்லாமே செல்லும். வாய் செய்யும் ஏமாற்றுதான் சிக்கல். மேலே வரும் பந்தைப் பிடிக்க நிற்பவளிடம் ரன்னர் "மைன்!" என்று கத்தினால் அது இடையூறு, ரன்னர் அவுட். பிட்சரைத் தடுமாற வைக்க "டைம்!" என்று கத்துவதை லிட்டில் லீக் (சிறுவர் சிறுமியர் ஆட்டங்களை நடத்தும் அமைப்பு) விதிகள் தடை செய்கின்றன. டைம் கொடுக்கும் அதிகாரம் அம்பயருக்கு மட்டும்தான், குழந்தைகள் அந்தச் சொல்லை நம்பித்தான் நிற்கிறார்கள். தேர்ட் பேஸ் கோச் தானே ஹோமை நோக்கி ஓடி எறிதலை வரவழைத்தாலும், டக்அவுட் பிள்ளைகள் ஒரு பேஸைச் சுற்றிக் கூடி நின்று யார் ரன்னர் என்று தெரியாமல் செய்தாலும் இடையூறுதான்.

ஃபீல்டர்கள் பக்கமும் கட்டுப்பாடு உண்டு. கையில் பந்து இல்லாமல் டேக் செய்வதுபோல் (பந்தோடு ரன்னரைத் தொடுவதுபோல்) பாவனை காட்டக் கூடாது. வெற்று கிளவுஸைப் பார்த்து ரன்னர் கடைசி நொடியில் சறுக்கினால் முழங்காலும் கணுக்காலும் என்னாகும் என்று யோசியுங்கள். அதனால்தான் அது தடுப்புக் குற்றம்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பால் விழுந்ததுமே பேட்டர் நாலாவது விழுந்ததுபோல் ஃபர்ஸ்டுக்குக் கிளம்புவாள். எல்லோரும் அசந்திருக்கும் நேரம் பார்த்து இன்னொருத்தி ஸ்டீல் செய்வாள், அதாவது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவாள். கால்தானே ஓடுகிறது என்று யாராவது வாதாடலாம். ஆனால் இது எண்ணிக்கையைப் பற்றிய பொய். அம்பயர் சொன்ன கணக்கைப் பொய்யாக்குவதும் அம்பயர் குரலில் கத்துவதும் எனக்கு ஒன்றுதான்.

எதிரணி கேட்சரின் சைகையைப் பார்த்துச் சொல்லும்படி செகண்டில் இருக்கும் என் மகளிடம் கோச் சொன்னாராம். தொழில்முறை பேஸ்பாலில் இது சகஜம் இல்லையா?

எந்த மாதிரிப் பந்து போட வேண்டும் என்று கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகை அது. பெரியவர்கள் ஆட்டத்தில் ரன்னர் தன் கண்ணால் பார்த்துச் சொல்வதை ஆட்டத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். லிட்டில் லீகில் அப்படி இல்லை. பேட்டருக்கு உதவ சைகையைத் திருடிச் சொல்வதை ஒழுங்கீனம் என்றே அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், அம்பயர் வெளியேற்றவும் முடியும். 2017 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலம் கிர்க்லண்டில் நடந்த ஜூனியர் லீக் சாஃப்ட்பால் உலகத் தொடரில், உள்ளூர் அணி சைகை திருடியதாக வர்ஜீனியாவிலிருந்து வந்த அணியின் தரப்பில் புகார் சொன்னார்கள். 1-0 என்று ஜெயித்தது வர்ஜீனியாதான். ஆனால் கோபத்தில் அந்தப் பிள்ளைகள் நடுவிரலைக் காட்டிப் படம் எடுத்து இணையத்தில் போட, இறுதி ஆட்டத்துக்கு முன்பே முழு அணியும் தகுதி நீக்கம் ஆனது. வருடம் முழுக்க உழைத்த பிள்ளைகள், ஒரு படத்தால் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

கோச்சிடம் நேராகக் கேளுங்கள். "இதை என் மகள் செய்ய வேண்டாம் என்று நினைக்கிறேன்" என்று தனியாகச் சொன்னால் போதும்.

இது அஷ்வின் செய்த மன்கடிங் மாதிரிதானே?

நம் வீடுகளில் தவறாமல் வரும் கேள்வி. 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் அஷ்வின், பந்து போடும் முன்பே கிரீஸை விட்டு வெளியேறிய பட்லரை ரன்-அவுட் செய்தார். வாரக்கணக்கில் சண்டை நடந்தது. 2022 அக்டோபர் முதல் அந்த அவுட்டை "நியாயமற்ற ஆட்டம்" பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன்-அவுட் விதிக்குள் வைத்துவிட்டார்கள்.

சாஃப்ட்பாலில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. பந்து பிட்சரின் கையை விட்டுப் பிரியும் முன் ரன்னர் பேஸை விட்டால், பெரும்பாலான விதிப் புத்தகங்களின்படி அம்பயரே அவுட் கொடுத்து அந்தப் பந்தையும் ரத்து செய்துவிடுவார். எதிரணி கேட்க வேண்டியதில்லை, கெட்ட பெயரும் யாருக்கும் இல்லை. அஷ்வின் பக்கம்தான் நான். ஆனால் இந்தப் பொறுப்பை ஆட்டக்காரர் தலையில் போடாமல் அம்பயரிடம் கொடுத்தது இன்னும் நல்ல ஏற்பாடு. குழந்தைகள் ஆட்டத்தில் ரொம்பவே நல்ல ஏற்பாடு.

ஃபீல்டிங் அணியும் ரன்னரை ஏமாற்றுகிறதே?

தாராளமாக. 1982 ஜூனில் ஒமாஹாவில் நடந்த கல்லூரி பேஸ்பால் உலகத் தொடரில் மயாமி அணி செய்தது இன்றும் பேசப்படுகிறது. விச்சிட்டா ஸ்டேட் அணியின் ஃபில் ஸ்டீஃபன்சன் அந்த சீசனில் 87 பேஸ் ஸ்டீல் செய்தவர். அவர் ஃபர்ஸ்டில் இருந்தபோது பிட்சர் அங்கே எறிவதுபோல் பாவனை செய்தார். ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பாய்ந்து விழுந்தார், பந்து தப்பிவிட்டதுபோல் எல்லோரும் வேலிப் பக்கம் ஓடினார்கள். ஸ்டீஃபன்சன் செகண்டுக்குக் கிளம்ப, பந்து பிட்சர் கையிலேயே இருந்தது. ரசித்துச் சிரிக்கலாம். எதிரே இருந்தவர் நாட்டிலேயே சிறந்த ஓட்டக்காரர், ஏமாறியதற்குக் காரணம் அவர் பந்தைப் பார்க்காததுதான்.

1987 ஆகஸ்டில் வில்லியம்ஸ்போர்ட் என்ற தொழில்முறை பேஸ்பால் அணியின் கேட்சர் டேவ் பிரெஸ்னஹன் இன்னும் ஒரு படி போனார். தோல் சீவிய உருளைக்கிழங்கை தேர்டுக்கு மேலே எறிந்துவிட்டு, ஓடி வந்த ரன்னரை நிஜப் பந்தால் தொட்டார். அம்பயர் ரன் கொடுத்தார், அணி அவரை வேலையை விட்டே அனுப்பியது. அடுத்த வருடம் அதே ஊர் அவருடைய எண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் கொண்டாடியது. பெரியவர்கள், சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள், அவர்கள் பாடு. பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் இரண்டாவது பந்துக்கு இடமில்லை.

எந்த வயதில் இதையெல்லாம் ஆரம்பிக்கலாம்?

எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பத்து வயதுக்குட்பட்ட ஊர் லீக்கிலும் வேண்டாம் என்பதுதான் என் பக்கம். அங்கே வாக் கிடைத்தவள் செகண்டுக்கு ஓடி ரன் வருவது, எதிரணி யோசிக்கவில்லை என்பதால் அல்ல, அவர்களுக்கு எறிய வராது என்பதால். எறியத் தெரியாதவர்களிடம் எறிய வைத்து ரன் எடுப்பதில் உங்கள் மகள் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. வட்டத்தில் நிற்கும் ஒன்பது வயது பிட்சர் மட்டும் தோற்றது தன்னால்தான் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். இதனால்தான் பல ஊர் லீக்குகள் வாக் என்றால் ஃபர்ஸ்டோடு நிற்க வேண்டும், ஒரு பிட்சுக்கு ஒரு பேஸ்தான் என்றெல்லாம் சொந்த விதி வைத்திருக்கின்றன.

பன்னிரண்டு வயதுப் பிரிவில் கைகள் வலுவாகிவிடும், லுக்-பேக் விதி தெரிந்திருக்கும். அங்கே தாராளமாகச் செய்யலாம். வாரக் கடைசி தோறும் போட்டிக்குப் போகும் டிராவல் அணி என்றால் இன்னும் முன்னதாகவே வரும், பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் அதைத் தெரிந்தேதான் சேர்கிறார்கள். நான் போடும் சோதனை ஒன்றுதான்: எதிரணிக்கு இதற்கான பதில் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்குமா? ஆம் என்றால் ஓடலாம்.

பன்னிரண்டு ரன் முன்னிலை. அப்போதும் ஸ்டீல் செய்கிறார்கள்.

விதி தடுக்காது. நல்ல கோச் தடுப்பார். பேஸுக்குப் பேஸ் மட்டும் ஓடச் சொல்வார், உட்கார்ந்திருந்த பிள்ளைகளை இறக்குவார். ஆனால் வேண்டுமென்றே அவுட் ஆகச் சொல்வது எதிரணிக்குச் செய்யும் இன்னொரு அவமானம். அதையும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் மகள் தேர்டை மிதிக்காமல் போய்விட்டாள். யாரும் கவனிக்கவில்லை. அவள் அம்பயரிடம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். பேஸ் தவறியதை எதிரணி கவனித்து முறையிட்டால்தான் அவுட். அம்பயர் பார்த்திருந்தாலும் முறையீடு வராமல் வாய் திறக்க மாட்டார். இதைக் கண்டுபிடிப்பது எதிரணியின் வேலை என்று ஆட்டமே பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் அம்பயர் அவளிடமே "பந்தைப் பிடித்தாயா, தரையில் பட்டதா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். லிட்டில் லீக் உறுதிமொழியில் நேர்மையாக ஆடுவேன் என்பதும் வெல்ல முயல்வேன் என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

விதிக்குள் நின்றே எதிரணிக்கு உதவிய உதாரணம் உண்டா?

2008 ஏப்ரல் 26, வாஷிங்டன் மாநிலம் எல்லன்ஸ்பர்க். வெஸ்டர்ன் ஒரிகன் கல்லூரியின் சாரா டுச்சோல்ஸ்கி தன் வாழ்க்கையின் முதல் ஹோம் ரன்னை (பந்தை வேலிக்கு வெளியே அடித்து எல்லா பேஸையும் சுற்றி வருவது) அடித்தாள், பேஸ்களில் இரண்டு பேர். உற்சாகத்தில் ஃபர்ஸ்டை மிதிக்காமல் தாண்டிவிட்டு, திரும்பும்போது முழங்கால் மடங்கி விழுந்தாள். ஃபர்ஸ்ட் வரை தவழ்ந்தாள், அதற்கு மேல் முடியவில்லை. சொந்த அணியினர் தொட்டால் அவுட் என்றார்கள். மாற்று ரன்னரை விட்டால் ஹோம் ரன் போய்விடும், ஃபர்ஸ்ட் வரைதான் கணக்கு என்றார் அம்பயர். அப்போது எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மல்லரி ஹோல்ட்மன் கேட்டாள்: "நாங்கள் தூக்கிக்கொண்டு போகலாமா?" அதைத் தடுக்க விதி இல்லை. அவளும் லிஸ் வாலஸும் சாராவைத் தூக்கி, ஒவ்வொரு பேஸிலும் இறக்கி இடது காலால் தொட வைத்து ஹோம் வரை கொண்டுவந்தார்கள். அந்த ஆட்டத்தில் அவர்கள் 4-2 என்று தோற்றார்கள். மாற்று ரன்னர் விஷயத்தில் அம்பயர் சொன்ன விதியே தவறு என்று பிறகு தெரியவந்தது. மல்லரிக்கு அது தெரியாது. இருக்கிற விதியில் என்ன செய்யலாம் என்றுதான் அவள் தேடினாள். தேர்டில் ரன்னரை வைத்துக்கொண்டு செகண்டுக்கு ஓடும் பெண்ணும் தேடுவது அதையேதான்.

அம்பயர் லுக்-பேக் விதியைத் தப்பாகச் சொல்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தால்?

வேலிக்கு வெளியிலிருந்து நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள், தலைமை கோச் பேசட்டும். ரன்னர் நின்றாளா, கிளம்பினாளா என்பது அம்பயரின் கண் முடிவு, அதை எதிர்த்து முறையிட முடியாது. ஆனால் விதியையே தவறாகப் பயன்படுத்தினால் முறையிடலாம். அதை அடுத்த பிட்ச் விழுவதற்குள் செய்துவிட வேண்டும், விழுந்துவிட்டால் வாய்ப்பு போயிற்று. உங்கள் லீக் எந்த விதிப் புத்தகத்தில் ஆடுகிறது, அதன் மேல் என்னென்ன உள்ளூர் விதி சேர்த்திருக்கிறது என்பதை சீசன் தொடங்கும் முன்பே கோச்சிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்ஏ சாஃப்ட்பால், லிட்டில் லீக், பள்ளி ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம், சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. டிராவல் போட்டிகளில் வாரத்துக்கு ஒரு புத்தகம்கூட மாறும். ஆட்டத்துக்கு முன் ஹோம் பிளேட் அருகே இரு கோச்சுகளும் அம்பயரும் பேசும்போது, வாக் வாங்கியவள் செகண்டுக்குப் போகலாமா என்று கேட்டுவிடச் சொல்லுங்கள்.